வாதாடிப் பெற்ற விடுதலை: மனுவேல் கேசோன்

கீழ்த்திசை நாடுகளுள் ஐரோப்பியரிடமிருந்து அமெரிக்கர் கைக்கு மாறிய நாடு பிலிப்பைன்ஸ். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அத்தீவுகளை ஆண்ட ஸ்பெயின், போரில் தோற்றதும், 1898 டிசம்பர் 10ஆம் நாள் பாரிசு நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அவற்றை அமெரிக்க ஐக்கிய நாடுகளிடம் ஒப்படைத்தது. அதற்கு ஈடாக அமெரிக்கா கொடுத்த தொகை 2 கோடி டாலர். தீவுகளில் வாழ்ந்த மக்களின் சார்பில் ஒருவரும் அவ்வுடன்படிக்கை அரங்கினுள் அனுமதிக்கப்படவில்லை. இவ்வாறு கைமாற்றப்பட்ட நாட்டை மீட்பதற்கு முதலில் துப்பாக்கியேந்தியவரும், பின்னர் எதிரியின் தலைநகரிலேயே சென்றமர்ந்து அவர்தம் மொழியில் வாதாடியவருமான மனுவேல் கேசோன் என்பாரின் வரலாறு, விடுதலை வேட்கையும் அதிகார வேட்கையும் ஒரே நெஞ்சில் குடியிருந்த மனிதரின் வரலாறாகும்.

கேசோன் 1878ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், லூசோன் தீவின் கீழைக் கரையிலுள்ள பலேர் என்னும் சிற்றூரில் பிறந்தார். முன்னே பசிபிக் மாகடலும் பின்னே மலைத்தொடரும் சூழ்ந்து, பிற ஊர்களோடு தொடர்பு அரிதாயிருந்த ஊர் அது. எத்துணை அரிது எனின், ஸ்பானியப் படைவீரர் சிறு குழுவினர் அவ்வூர்த் தேவாலயத்தினுள் முற்றுகையிடப்பட்டு, தம் நாடு தீவுகளையே கைவிட்டுவிட்டதை நம்பாமல், 1899 ஜூன் வரை ஏறத்தாழ பதினொரு திங்கள் போராடிக்கொண்டிருந்தனர்! தந்தை லூசியோ, தாய் மரியா தொலோரெஸ் இருவரும் பள்ளி ஆசிரியர்கள். ஸ்பானியக் குருதி கலந்த குடும்பத்தினர். இளமையிலேயே தாயை இழந்தார் கேசோன். தாயின் உயிரைக் குடித்தது காசநோய். அந்நோய் பின்னாளில் மகனையும் விடவில்லை.

மணிலா நகரின் சான் ஹுவான் தெ லெத்ரான் கல்லூரியில் பயின்றபோது, உடன் பயின்ற மாணவருள் ஒருவர் செபுத் தீவிலிருந்து வந்த செர்ஹியோ ஒஸ்மேனா. இருவரும் ஒரே ஆண்டில், மூன்று வார இடைவெளியில் பிறந்தவர்கள். கேசோன் உணர்ச்சிப் பிழம்பு. சினந்தால் சீறுவார், சிரித்தால் அவை முழுவதும் சிரிக்கும். ஆடலும் அழகிய உடையும் அவருக்கு விருப்பமானவை. ஒஸ்மேனாவோ அளந்து பேசுபவர், அடங்கியவர். கேசோனின் வாழ்வைச் சொல்பவர் ஒஸ்மேனாவையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். முன்னவர் ஏறிய படிகள் பலவற்றில் பின்னவர் ஒதுங்கி நின்றிருக்கிறார்.

சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டிருந்த காலத்தில் நாட்டில் புயல் வீசியது. 1898இல் எமிலியோ அகினால்டோ விடுதலையை அறிவித்தார். அதே ஆண்டின் குழப்பத்தில் கேசோனின் தந்தையும் உடன்பிறந்தவரும் பலேருக்குத் திரும்பும் வழியில் ஆயுதந்தாங்கியோரால் கொல்லப்பட்டனர். ஸ்பெயினுக்கு நம்பிக்கையாயிருந்த குடும்பம் என்பதே காரணம் என்பர் சிலர். ஆயினும் மகன் புரட்சியை வெறுத்தாரல்லர். 1899இல் அமெரிக்கருக்கும் பிலிப்பைன் மக்களுக்கும் போர் மூண்டபோது, படிப்பை விடுத்து அகினால்டோவின் படையில் சேர்ந்து மேஜர் நிலைக்கு உயர்ந்தார். பாதான் மலைக்காடுகளில் மலேரியாக் காய்ச்சலோடும் பசியோடும் திரிந்த நாள்கள் அவை.

1901 மார்ச்சுத் திங்களில் அகினால்டோ பிடிபட்டார் என்னும் செய்தி பரவியது. காட்டிலிருந்த படைத்தலைவர் அதனை நம்பவில்லை. உண்மையை அறிந்து வருமாறு கேசோனைச் சரணடையப் பணித்தார். மணிலாவில் அமெரிக்கத் தளபதி ஆர்தர் மக்கார்தர் முன் நிறுத்தப்பட்ட கேசோன், மலாகன்யாங் மாளிகையின் ஓர் அறையில் தம் தலைவர் காவலில் அமர்ந்திருப்பதைத் தம் கண்ணாலேயே கண்டார். அன்று தம் போர் முடிந்துவிட்டதை உணர்ந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே மாளிகையில் அவரே ஆட்சித் தலைவராகக் குடியேறப் போவதையும், அந்தத் தளபதியின் மகன் தம் படைக்கு ஆலோசகராக வரப்போவதையும் அன்று யார் கண்டார்?

சில திங்கள் சிறைவாசத்திற்குப் பின் விடுதலையான அவர், 1903இல் வழக்கறிஞர் தேர்வில் நான்காம் இடம் பெற்றுத் தேறினார். மிண்டோரோவிலும் தயாபாசிலும் அரசு வழக்கறிஞராகப் பணியாற்றியபோது, நில மோசடியில் ஈடுபட்ட அமெரிக்கர் ஒருவரையே கூண்டிலேற்றித் தண்டனை பெற்றுத் தந்தார். ஆளும் இனத்தவர் மீது கைவைக்க அஞ்சாத இளைஞர் என்னும் பெயர் பரவியது. 1906இல் தயாபாஸ் மாநில ஆளுநர். 1907இல் முதல் சட்டமன்றத்தின் உறுப்பினர், பெரும்பான்மைக் கட்சியின் அவை முன்னவர். அவைத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் ஒஸ்மேனா. இருபத்தொன்பதே வயதான இருவர் கையில் ஒரு நாட்டின் அரசியல் வந்து சேர்ந்தது.

1909இல் அமெரிக்க நாடாளுமன்றத்திற்குப் பிலிப்பைன்சின் பேராளராகக் கேசோன் அனுப்பப்பட்டார். வினோதமான பதவி அது. அவையில் அமரலாம், பேசலாம். வாக்களிக்கும் உரிமை இல்லை. போதாக்குறைக்கு, போன வேளையில் அவருக்கு ஆங்கிலம் போதிய அளவு வாராது. எதிரியின் மொழி என்று ஒதுக்கிவைத்திருந்த மொழியைத் தம் முப்பத்தொன்றாம் வயதில் விரைந்து கற்றார். 1910இலேயே அவ்வவையில் ஆங்கிலத்தில் உரையாற்றினார். மேடையில் கற்றதைவிட விருந்து மண்டபங்களிலும் தாழ்வாரங்களிலும் அவர் கற்றது மிகுதி. எவர் எதற்கு அஞ்சுவர், எவர் எதற்கு மகிழ்வர் என்பதை அறிவதில் அவருக்கு இணையில்லை.

அவ்வேழாண்டு உழைப்பின் பயன் 1916 ஆகஸ்டு 29ஆம் நாள் நிறைவேறிய ஜோன்ஸ் சட்டம். நிலையான அரசு அமைந்ததும் தீவுகளுக்கு விடுதலை வழங்கப்படும் என்று அமெரிக்கா முதன்முறையாகச் சட்டத்தில் எழுதிக் கொடுத்தது. நாள் மட்டும் குறிக்கப்படவில்லை. ஈண்டு ஒன்றை மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். மேடைகளில் உடனடி விடுதலை முழங்கிய கேசோன், தனியறைகளில் அமெரிக்க அதிகாரிகளிடம் பேசுங்கால் சற்றுக் காலந்தாழ்ந்தாலும் தாழ்வில்லை என்னும் போக்கில் நடந்துகொண்டதை ஆய்வாளர் சான்றுகளுடன் காட்டியுள்ளனர். வலிய ஜப்பான் அருகிலிருக்க, படையற்ற சிறு நாடு தனித்து நிற்கவியலுமா என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. அச்சம் பொய்யன்று என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. எனினும், மக்களிடம் சொன்னது ஒன்று, ஆள்வோரிடம் சொன்னது மற்றொன்று என்னும் குறை குறைதான்.

வெற்றியோடு திரும்பியவரைப் புதிய மேலவை தன் தலைவராக ஏற்றுக்கொண்டது. 1916 முதல் 1935 வரை அப்பதவியை வேறெவருக்கும் அவர் விட்டுத்தரவில்லை. அம்மேலவையில் முதல் முஸ்லிம் உறுப்பினராக அமர்ந்தவர் சூலு சுல்தானின் அமைச்சராயிருந்த ஹாஜி பூத்து என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1918 டிசம்பரில் கேசோன் தம் உறவுப் பெண் அவுரோராவை ஹாங்காங் நகரில் மணந்தார். செஞ்சிலுவைச் சங்கப் பணிகளால் மக்கள் மதிப்பைப் பெற்ற அவ்வம்மையார், கணவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழித்து, 1949 ஏப்ரல் 28இல், பலேருக்குச் செல்லும் மலைப்பாதையில் மகளோடும் மருமகனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். மாமனார் மாண்டதும் பலேருக்குப் போகும் வழியில்தான்.

1921இல் தலைமை ஆளுநராக வந்த லியனார்டு வுட் படைத்துறையிலிருந்து வந்தவர், கட்டளையிட்டே பழகியவர். அவருக்கு முன்னிருந்த ஹாரிசன் உள்நாட்டவர்க்கு அதிகாரங்களைத் தாராளமாகப் பகிர்ந்தளித்தார். வுட் அவற்றைத் திரும்பப் பெற முற்பட்டார். மணிலாக் காவல்துறையின் அமெரிக்கத் துப்பறிவாளர் ஒருவரை, துறையமைச்சரின் கருத்தை மீறி அவர் மீண்டும் பணியிலமர்த்தியபோது, 1923 ஜூலை 17ஆம் நாள் பிலிப்பைன் அமைச்சர் அனைவரும், அரசவையிலிருந்த கேசோனும் பிறரும் ஒருசேரப் பதவி விலகினர். சிறு அதிகாரி ஒருவரின் வேலை பற்றிய வழக்கு, நாட்டை ஆள்வது யார் என்னும் வழக்காக மாறியது. வுட் 1927இல் மறையும் வரை அம்மோதல் ஓயவில்லை. இதற்கு முந்திய ஆண்டிலேயே கேசோன் தம் நண்பர் ஒஸ்மேனாவோடும் மோதிக் கட்சியைப் பிளந்து, தலைமையைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒஸ்மேனா பிளவை ஆற்றி, இரண்டாம் இடத்தை ஏற்றுக்கொண்டார்.

கேசோன் வாழ்வில் பெரிதும் வாதிக்கப்படும் நிகழ்ச்சி 1933இல் நடந்தது. அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி நிலவிய காலம். பிலிப்பைன் சர்க்கரையும் தேங்காயெண்ணெயும் வரியின்றி வந்து தம் சந்தையைக் கெடுக்கின்றன என்று அந்நாட்டு உழவர் குமுறினர். அத்தீவுகளுக்கு விடுதலை கொடுத்து அனுப்பிவிட்டால் வரி விதிக்கலாமே! அறத்தின் குரலுக்கு முப்பதாண்டுகளாகத் திறவாத கதவு, சர்க்கரையின் பொருட்டுத் திறந்தது. அவ்வேளையில் வாஷிங்டனில் தூது நடத்தியவர்கள் ஒஸ்மேனாவும் மனுவேல் ரோஹாசும். பத்தாண்டு இடைக்கால ஆட்சிக்குப் பின் முழு விடுதலை என்னும் ஹேர்–ஹாஸ்–கட்டிங் சட்டம், குடியரசுத் தலைவர் ஹூவரின் மறுப்பையும் மீறி 1933 ஜனவரியில் நிறைவேறியது.

நாடே மகிழ்ந்திருக்க வேண்டிய வேளையில் கேசோன் அச்சட்டத்தை எதிர்த்தார். விடுதலைக்குப் பின்னும் அமெரிக்கப் படைத்தளங்கள் நீடிக்கும் என்னும் விதி இறையாண்மைக்கு இழுக்கு என்றும், வணிக விதிகள் நாட்டை நலிவிக்கும் என்றும் காரணங்கள் காட்டினார். அவை வலுவான காரணங்களே. ஆனால் விடுதலையைக் கொணர்ந்த பெருமை ஒஸ்மேனாவுக்கும் ரோஹாசுக்கும் போய்விடும் என்னும் கவலையும் அவற்றோடு கலந்திருந்தது என்று அன்றே பலர் எண்ணினர். சட்டமன்றம் அதனைத் தள்ளியது. ரோஹாஸ் அவைத் தலைவர் பதவியை இழந்தார். கேசோன் தாமே வாஷிங்டன் சென்றார். புதிய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டிடம் வாதாடி, 1934 மார்ச்சு 24இல் டைடிங்ஸ்–மக்டபி சட்டத்தைப் பெற்றுவந்தார். தரைப்படைத் தளங்கள் நீக்கப்பட்டன. கடற்படைத் தளங்கள் பின்னர்ப் பேசித் தீர்க்கப்படும் என்றாயிற்று. எஞ்சியவை பெரிதும் பழைய சட்டமே. ஆண்டொன்றுக்கு 50 பிலிப்பைன் மக்களே அமெரிக்காவில் குடியேறலாம் என்னும் இழிவான விதியும் அப்படியே நின்றது. ஓராண்டுப் போராட்டத்தின் பயன் இவ்வளவுதானா என்று கேட்போர்க்கு, இறையாண்மையில் ஓரடியாயினும் அடிதான் என்று கேசோன் பக்கத்தார் விடையிறுப்பர். இரு தரப்பிலும் உண்மை உண்டு என்பதே இக்கட்டுரையாளர் கருத்து.

1935 செப்டம்பரில் நடந்த தேர்தலில் காமன்வெல்த் அரசின் முதல் குடியரசுத் தலைவர் பதவிக்குக் கேசோன் நின்றார். எதிர்த்து நின்றவருள் ஒருவர் அகினால்டோ! பழைய மேஜர், பழைய தளபதியை வென்றார்; பதிவான வாக்குகளில் மூன்றில் இரு பங்கு கேசோனுக்கு. துணைத் தலைவராக வந்தவர், வேறு யார், ஒஸ்மேனாவே. நவம்பர் 15ஆம் நாள் ஆட்சி தொடங்கியது. டக்ளஸ் மக்கார்தர் படை ஆலோசகராக அமர்ந்தார்.

ஆட்சிப் பணிகளுள் மூன்றினை மட்டும் இங்கே எடுத்துரைப்போம். முதலாவது, பெண்கள் வாக்குரிமை. மூன்று இலட்சம் பெண்கள் வேண்டும் என்று வாக்களித்தால்தான் உரிமை என்று அரசமைப்புச் சட்டம் நிபந்தனையிட்டது. 1937 ஏப்ரல் 30இல் 4,47,725 பெண்கள் வேண்டும் என்றனர். வேண்டா என்றவர் 44,307 பேரே.

மற்றொன்று, தமிழ்த்துறையினர் உற்று நோக்கத்தக்க மொழிப்பணி. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் அத்தீவுகளில் ஒரு தீவார் மற்றொரு தீவாரோடு பேச ஸ்பானியமோ ஆங்கிலமோ வேண்டியிருந்தது. தம் நாட்டின் தலைவரே தம் மக்களிடம் பேச மொழிபெயர்ப்பாளரை நாடும் நிலையைக் கேசோன் நாணத்துக்குரியதாகக் கருதினார். 1936இல் தேசிய மொழி நிறுவனம் அமைந்தது. அதன் தலைவராக அவர் அமர்த்திய ஹைமே தெ வெய்ரா, தகாலோகு மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர். அவ்வறிஞர் குழுவின் பரிந்துரைப்படி, 1937 டிசம்பர் 30இல் தகாலோகு தேசிய மொழிக்கு அடிப்படை என்று அறிவிக்கப்பட்டது. அது ஹோசே ரிசால் தூக்குமேடை காணாது துப்பாக்கிக் குண்டுக்கு உயிர்நீத்த நாள். 1940இல் லோப்பே சாந்தோசின் இலக்கணம் வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் முதல் பள்ளிகளில் அம்மொழி கற்பிக்கப்பட்டது. செபுவானோ முதலிய பிற மொழியினர், கேசோனின் தாய்மொழி தம்மீது சுமத்தப்பட்டதென்று முறையிட்டனர். அம்முறையீடு முற்றும் ஓயவில்லை. ஒரு மொழியை உயர்த்துங்கால் உடனிருக்கும் மொழிகளின் மனம் புண்படாமற் காப்பது அரிய கலை. அதனைக் கேசோன் முழுமையாகக் கற்றார் என்று சொல்வதற்கில்லை.

மூன்றாவது பணியில் ஒளியும் நிழலும் அருகருகே நிற்கின்றன. ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஓடிய யூதர்களை ஏற்க உலகின் பெரிய நாடுகள் பல தயங்கிய காலத்தில், தன்னாட்சி முழுமையாகப் பெறாத பிலிப்பைன்ஸ் ஏறத்தாழ 1,200 பேருக்கு அடைக்கலம் தந்தது. மரிகினாவிலிருந்த தம் சொந்த நிலத்தையும் கேசோன் அவர்களுக்காக அளித்தார். இது ஒளி. தம் நாட்டின் தென்பகுதி முஸ்லிம்கள் திறத்தில் அவர் காட்டிய நோக்கோ வேறு. 1935 மார்ச்சில் லானாவோப் பகுதித் தலைவர் 120 பேர், தம்மை விடுதலை பெறும் பிலிப்பைன்சோடு இணைக்க வேண்டாவென அமெரிக்கத் தலைவருக்கு விண்ணப்பித்தனர். அவ்வச்சத்தைத் தணிக்கத் தக்க செயல் நிகழவில்லை. 1936இல் சூலு சுல்தான் ஜமாலுல் கிராம் மறைந்தபின், அப்பதவிக்கு வேறொருவரை அரசு ஏற்காது என்று கேசோன் முடிவு செய்தார். சட்டத்தின் முன் சுல்தானும் குடிமகனும் ஒன்றே என்பது அவர் வாதம், கொள்கையளவில் மறுத்தற்கரியது. ஆனால் 1939 முதல் வடதீவுகளின் நிலமற்ற உழவர்களை மிண்டனாவோவின் கொரோனாதால் பள்ளத்தாக்கு முதலிய இடங்களில் அரசே குடியேற்றியது. தலைமுறை தலைமுறையாக ஆவணமின்றி நிலத்தை ஆண்டவர், ஆவணத்தோடு வந்தவரைக் கண்டு கலங்கினர். அக்கலக்கம் பிற்காலத்தில் நெடிய போராக வெடித்தது. 2019இல் பங்சமோரோ தன்னாட்சிப் பகுதி உருவாகும் வரை எத்தனையோ உயிர்கள் மடிந்தன. லூசோனில் நிலச்சுவான்தார்களின் பண்ணைகளைத் தொடாமல் நிலப்பசியைத் தீர்க்க எண்ணியதன் விளைவு இது. சமூக நீதி என்னும் சொல்லை ஓயாது முழங்கியவர், தம் கட்சியைத் தாங்கிய செல்வர்களைத் தொடத் தயங்கினார்.

ஆறாண்டுகள் மட்டுமே பதவி, மறுமுறை இல்லை என்றிருந்த அரசமைப்பு விதி 1940இல் திருத்தப்பட்டது. 1941 நவம்பரில் கேசோன் மீண்டும் பெருவெற்றி பெற்றார். நான்கு வாரங்களில் ஜப்பானிய வானூர்திகள் வந்தன. டிசம்பர் 24இல் குடும்பத்தோடு கொரெகிடோர் தீவுக் கோட்டைக்குச் சென்றவர், 30ஆம் நாள் மலிந்தாச் சுரங்கத்தின் வாயிலில் இரண்டாம் முறை பதவியேற்றார். காசநோய் முற்றியிருந்தது. சுரங்கத்தின் தூசியில் இருமலோடு அவர் கழித்த இரவுகளில், அமெரிக்கத் துணைப்படை வாராது என்னும் உண்மை தெளிவாயிற்று. ஐரோப்பாவுக்கே முதலிடம். தம் இளைஞர்கள் பாதானில் பட்டினியால் மடிவதைக் காணப் பொறாமல், 1942 பிப்ரவரியில், உடனே விடுதலை தந்து நாட்டை நடுநிலை நாடாக்குமாறு ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார். அமெரிக்கா மறுத்தது. அதே திங்கள் 20ஆம் நாள் நீர்மூழ்கிக் கப்பலில் கொரெகிடோரை நீங்கி, ஆஸ்திரேலியா வழியே வாஷிங்டன் சேர்ந்தார். நாட்டில் தங்கிய தலைமை நீதிபதி ஹோசே அபாத் சாந்தோஸ், பகைவர்க்குப் பணிய மறுத்து அவ்வாண்டே கொல்லப்பட்டார்.

புலம்பெயர்ந்த அரசின் தலைவராய் நோய்ப்படுக்கையிலிருந்தவருக்கு 1943 நவம்பர் 15இல் பதவிக்காலம் முடியவேண்டும். ஒஸ்மேனா தலைவராக வேண்டும். சட்டம் ஐயத்துக்கு இடமின்றி அவ்வாறே இருந்தது. கேசோன் விலக விரும்பவில்லை. போர்க்காலத்தில் தலைமை மாறலாகாது என்றார். எழுந்து நிற்கவும் வலிமையற்ற நிலையில் பதவியைப் பற்றியிருந்த அவரைக் காண இரக்கமும் வருகிறது, வருத்தமும் வருகிறது. ஒஸ்மேனா சட்டத்தைக் காட்டி வழக்காடவில்லை. அமெரிக்க நாடாளுமன்றமே காலத்தை நீட்டிக்கட்டும் என்று தாமே இசைவு தந்தார். மூன்று நாள் எஞ்சியிருக்கையில் நீட்டிப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று.

நீட்டிய காலம் ஒன்பது திங்கள்கூட நிறையவில்லை. 1944 ஆகஸ்டு 1ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் ஏரிக்கரையில் கேசோன் உயிர்நீத்தார். அக்டோபர் 20இல் மக்கார்தரோடு லெய்தே கரையில் இறங்கிய பிலிப்பைன் தலைவர் ஒஸ்மேனா. இடிந்த நாட்டைத் தூக்கி நிறுத்த முயன்ற அவர், 1946 தேர்தலில் ரோஹாசிடம் தோற்றார்.

ஆர்லிங்டன் கல்லறையில் வைக்கப்பட்டிருந்த கேசோனின் உடலை ஏற்றிக்கொண்டு, பிரின்ஸ்டன் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1946 ஜூலைத் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சான் டியேகோத் துறையிலிருந்து புறப்பட்டது. ஜூலை 4ஆம் நாள் மணிலாவில் அமெரிக்கக் கொடி இறங்கி, பிலிப்பைன் கொடி தனித்து ஏறியது. 1934இல் கேசோன் பெற்றுவந்த சட்டம் குறித்த நாள் அது. அன்று அவர் பசிபிக் கடலின் நடுவே இருந்தார்.